பண்ணைக் கட்டடங்களின் கூரையைக் காத்தல்

குளிர்நாடுகளில் உறைபனி கூரையின்மேல் நாட்கணக்காகக் குவிந்து நிற்கும். அதன் பாரத்தால் தொழுவங்களும் களஞ்சியங்களும் இடிந்து விழுவதுண்டு. ஆதலால் அங்குள்ள கமக்காரர் கைமரங்களைப் பருமனாக இட்டு, கூரையை மிகுந்த சரிவுடன் அமைப்பர். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குச் செல்லும் வீதியிலுள்ள கொடகவெலவில் உறைபனி இல்லை. இங்கு கூரை அமுங்கி விழுவதிலும் பார்க்கக் காற்றினால் மேலே தூக்கப்படுவதே அதிகம். இதனை எண்ணாது, கனத்த மரம் வாங்கப் பணத்தைச் செலவிட்டுக் கட்டுகளைக் கவனியாது விடுவோர் பலர்.

பங்குனி, சித்திரையிலும் மீண்டும் ஐப்பசி, கார்த்திகையிலும் இப்பகுதியில் பிற்பகல் இடிமழை பெய்யும். மழைக்குச் சற்று முன் வீசும் பலத்த காற்று சில நிமிடங்களே நீடிக்கும். அதற்குள் தகரம் பெயர்ந்தால் புகைக்கூடத்தில் தொங்கும் இறப்பர் சீற்றுகள் நனைந்து பூஞ்சணம் பிடித்துத் தரம் குறையும். தொழுவத்தில் கட்டியுள்ள பசுவோ தப்பியோட முடியாது. ஒரே பசுவின் பாலை நம்பியிருக்கும் தோட்டக் குடும்பத்துக்கு அவ்விழப்பு எளிதில் ஈடுசெய்யக்கூடியதன்று.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்றின் அமுக்கம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 47 கிலோகிராம் எடைக்குச் சமம். கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும் இவ்வளவோ இதனினும் கூடவோ மேல்நோக்கிய இழுவை தோன்றலாம். ஒரு சதுர மீற்றர் தகரத்தின் எடை 4 கிலோகிராம் அளவே. காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகும். ஒரு பக்கம் மட்டும் திறந்துள்ள கொட்டில்களில், உட்புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கீழிருந்தும் கூரையைத் தள்ளும். தகரத்தின்மேல் கல்லையும் பழைய ரயரையும் ஏற்றிவைக்கும் வழக்கம் இதனாலேயே பயனற்றது. கூரை கிளம்பும்போது அக்கல்லே கீழே நிற்பவர் தலையில் விழும்.

காற்றுக்கு ஈடுகொடுப்பது கட்டு. தகரத்தைச் சிலாகையோடும், சிலாகையைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவர் வளையோடும், வளையைத் தூணோடும், தூணை நிலத்தோடும் தொடர்ச்சியாகப் பிணைத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தளர்ந்திருப்பினும் ஏனையவை உறுதியாக இருந்து பயனில்லை. கைமரமும் வளையும் சேருமிடத்தில் ஆணி மட்டும் போதாது. நாகமுலாம் பூசிய கம்பியை இரட்டையாகச் சுற்றி முறுக்க வேண்டும், அல்லது இரும்புப் பட்டியால் இரு மரங்களையும் அணைத்து அறைய வேண்டும். தகரத்துக்குரிய ஆணியை நெளியின் மேட்டில், வாசர் இட்டு அறைதல் நன்று. பள்ளத்தில் அறைந்தால் ஒழுக்கு ஏற்படும். தாழ்வாரத்திலும் முகட்டிலும் ஒன்றுவிட்டொரு நெளிக்கு ஆணி வேண்டும்; நடுப்பகுதியில் சற்று இடைவெளி விடலாம். மரத்தூணை இரண்டரை அடி ஆழத்தில் நட்டு, அடியில் குறுக்குக் கட்டை அறைந்து மண்ணை இறுக்கினால் தூண் எளிதில் பிடுங்கப்படாது.

சாரலுக்கு அஞ்சித் தாழ்வாரத்தை மிக நீட்டுவர். மண்சுவருக்கு அது பாதுகாப்பாயினும் காற்றுக்கு நல்ல பிடியைக் கொடுக்கும். நீட்டவே வேண்டுமாயின் முட்டுக்கால் கொடுத்து நீட்டுக.

புகைக்கூடத்திலும் தொழுவத்திலும் ஆணிகளை அடிக்கடி பார்த்தல் அவசியம். விறகுப் புகையிலுள்ள அமிலமும் சாணம், சிறுநீர் ஆகியவற்றின் ஆவியும் முலாமை அரித்துவிடும். மேலே நன்றாகத் தோன்றும் ஆணியின் தண்டு உள்ளே துருவாக இருக்கலாம்.

பாரத்தால் கூரை அமுங்குவதும் இங்கு அறவே இல்லாததன்று. உக்கிய கிடுகை அகற்றாமல் அதன்மீது புதுக்கிடுகு வேய்வதால், அடியிலுள்ள அடுக்கு நீரை உறிஞ்சிப் பாரமேற்றுகின்றது. 100 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 236 லீற்றர். அதிற் சிறு பங்கு தங்கினாலும் மெலிந்த கைமரம் வளைந்துவிடும். பழையதைக் களைந்தபின்னரே புதியதை வேய்க.

தை, மாசியில் இறப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். அவ்விலைகள் பீலியிலும் இரு கூரைகள் சேரும் பள்ளத்திலும் அடைத்துக்கொள்ள, அடுத்துவரும் இடிமழையின் நீர் வழிந்து செல்ல இடமின்றித் தேங்கும். எனவே மாசி முடிவதற்குள் பீலியைத் துப்புரவு செய்து, கூரைமேல் சாய்ந்துள்ள பலா, அல்பீசியா, இறப்பர்க் கிளைகளையும் வெட்டிவிட வேண்டும். கல்நார்த் தகடு வேய்ந்த கூரையில் நேரே காலூன்றலாகாது; பலகை இட்டு அதன்மேல் நிற்கவேண்டும். மின்கம்பிக்கு அருகிலுள்ள கிளையை, மின் அலுவலகத்துக்கு அறிவித்து இணைப்பைத் துண்டித்த பின்னரே வெட்டுதல் வேண்டும்.