தொழிற்சாலைகளும் இடம்பெயர்கின்றன

இடம்பெயர்வு என்றால் என்னவென்று எமது பெண்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. வீட்டையும் காணியையும் விட்டு, பிள்ளைகளையும் கையில் அகப்பட்டதையும் எடுத்துக்கொண்டு வெளியேறிய அனுபவம் இச்சஞ்சிகையின் வாசகியர் பலருக்கு உண்டு. இன்று தொழிற்சாலைகளும் இடம்பெயர்கின்றன. நாம் இடம்பெயர்ந்தபோது வீடு அங்கேயே நின்றது, மனிதர் போனோம். தொழிற்சாலை இடம்பெயரும்போது இயந்திரமும் ஓடரும் போய்விடுகின்றன, அங்கு வேலை செய்த மனிதர் நின்றுவிடுகின்றனர்.

கண்டி நகரைச் சுற்றியுள்ள குண்டசாலை, திகன, கட்டுகஸ்தோட்டைப் பகுதிகளில் பணியாற்றும்போது தொழில் இழந்த பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "மிஸ், நாங்கள் ஒழுங்காகத்தானே வேலை செய்தோம். பிறகு ஏன் மூடினார்கள்?" இந்தக் கேள்விக்கான விடை கண்டியில் இல்லை, கொழும்பிலும் முழுமையாக இல்லை. அதைத் தேடிச் சற்றுத் தூரம் போக வேண்டியிருக்கிறது.

ஒரு தொலைபேசியின் கதை

கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று குறைவு. உலகின் மிகப் பெரிய கம்பனிகளில் ஒன்றான அப்பிள், தொடக்கத்தில் தனது கணினிகளைத் தன் நாட்டிலேயே செய்தது. 1984ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறிமொன்ட் என்ற நகரில் அதன் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. 1992இல் அது மூடப்பட்டது. காலப்போக்கில் உற்பத்தி சீனாவுக்குச் சென்றது. அங்கே அப்பிளின் பொருட்களைப் பொருத்திக் கொடுத்தது பொக்ஸ்கொன் என்ற தாய்வான் கம்பனி. பெயர் ஒருவருக்கு, வேலை இன்னொருவருக்கு. இதைத்தான் வெளியாருக்குக் கொடுத்துச் செய்விக்கும் உற்பத்தி முறை என்கிறார்கள்.

2011 பெப்ரவரியில் கலிபோர்னியாவில் நடந்த ஓர் இரவு விருந்தில் தொழில்நுட்பக் கம்பனிகளின் தலைவர்களை ஜனாதிபதி ஒபாமா சந்தித்தார். ஐபோன்களை அமெரிக்காவிலேயே செய்ய முடியாதா என்று அவர் கேட்க, அந்த வேலைகள் திரும்பி வரப்போவதில்லை என்று அப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டீவ் ஜொப்ஸ் பதிலளித்ததாக அடுத்த ஆண்டு பத்திரிகையில் செய்தி வந்தது. ஒரு நாட்டின் ஜனாதிபதிக்கே கோடீஸ்வரர் ஒருவர் இப்படிப் பதில் சொல்ல முடியுமென்றால், தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பெண்ணுக்கு யார் பதில் சொல்வார்கள்?

இந்த முறையில் யாருக்கு என்ன கிடைக்கிறது? 2010இல் வெளிவந்த ஐபோனைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கணக்கிட்டுப் பார்த்தனர். விற்பனை விலையில் 58 வீதத்துக்கு மேல் அப்பிளின் இலாபமாக இருந்தது. சீனத் தொழிலாளருக்குச் சென்ற கூலி 2 வீதத்துக்கும் குறைவு. அதே 2010இல்தான் சீனாவின் பொக்ஸ்கொன் தொழிற்சாலைகளில் இளந்தொழிலாளர் பலர் மாடியிலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டனர். கம்பனி கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. 2022 ஜனவரியில் அப்பிளின் சந்தைப் பெறுமதி மூன்று ட்ரில்லியன் டொலரை எட்டியது.

ஸ்ரீபெரும்புதூரில் எமது சகோதரிகள்

சீனாவில் கூலி ஏறியது. அமெரிக்காவுக்கும் சீனாவுக்குமிடையே வர்த்தகப் பூசலும் மூண்டது. வேலையின் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆனால் தமிழ்நாடு இதை முன்பே ஒருமுறை பார்த்திருந்தது. சென்னைக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பனி 2006இல் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை செய்தனர். அவர்களில் பெரும்பாலானோர் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். பின்னர் நோக்கியா தனது தொலைபேசி வியாபாரத்தை மைக்ரோசொப்டுக்கு விற்றது. வரி வழக்கொன்றின் காரணமாக ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் 1ஆம் திகதி அது மூடப்பட்டது. விற்றவரும் வாங்கியவரும் வெளிநாட்டில். வேலை இழந்தவர்கள் காஞ்சிபுரத்திலும் திருவள்ளூரிலும்.

அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் இன்று பொக்ஸ்கொன் ஐபோன் பொருத்துகிறது. 2021 டிசம்பரில் அதன் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சானதால் 159 பேர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடிய பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. தொழிற்சாலை சில வாரங்கள் மூடப்பட்டு, விடுதிகளைத் திருத்துவதாக உறுதி கூறப்பட்டது. 2024இல் அங்கு திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்ற செய்தியை ரொய்ட்டர்ஸ் வெளியிட்டது. கம்பனி அதை மறுத்தது. ஆனாலும் "கலியாணம் முடித்தாயிற்றா? பிள்ளை எத்தனை?" என்ற கேள்வியை நேர்முகப் பரீட்சையில் கேட்டுப் பழகிய எமக்கு அந்தச் செய்தி புதிதாகத் தோன்றவில்லை. பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்ணுக்கே வேலை அதிகம் தேவை. அவளைத்தான் முதலில் தவிர்க்கிறார்கள்.

இதில் ஒரு விடயத்தைத் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் வேலை இழந்த பெண்ணின் எதிரி சீனப் பெண் அல்ல. சீனப் பெண்ணின் எதிரி தமிழ்நாட்டுப் பெண்ணும் அல்ல. மூவரையும் ஒருவரோடு ஒருவர் விலை பேச வைப்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

எமது நாட்டுக்கு ஆடைத்தொழில் வந்த வழி

எமது நாட்டில் தொலைபேசிக்குப் பதிலாக ஆடை என்று வைத்துக்கொண்டால் கதை ஒன்றுதான். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று மேற்கு நாடுகள் பங்கு முறை வைத்திருந்தன. பங்கு நிரம்பிய நாடுகளின் முதலாளிகள், பங்கு மிச்சமிருந்த இலங்கையைத் தேடி வந்தனர். 1992இல் ஜனாதிபதி பிரேமதாச 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடங்கினார். கிராமங்களிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. கண்டிக்கு அருகே பல்லேகலையில் கைத்தொழில் வலயம் உருவானது. யுத்தம் முடிந்த பின்னர் கிளிநொச்சியிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன.

வந்தது வெளியிலிருந்து என்பதால், போவதும் வெளியிலிருப்பவர்களின் முடிவுதான். பங்கு முறை 2004ஆம் ஆண்டின் முடிவோடு நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தந்த ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை, மனித உரிமைகள் தொடர்பான காரணங்களுக்காக 2010 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டு 2017 மே மாதம் மீண்டும் கிடைத்தது. 2020இல் கொவிட் தொற்றின்போது வெளிநாட்டுக் கடைகள் ஓடர்களை இரத்துச் செய்தன. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி விதிப்பதாக அறிவித்து, ஆகஸ்டில் அதை 20 வீதமாகக் குறைத்தது. அதே ஆண்டு மே மாதம், பிரித்தானியக் கம்பனியான நெக்ஸ்ட் தனது கட்டுநாயக்க தொழிற்சாலையை மூடியது. 1,400க்கும் மேற்பட்டோர் தொழில் இழந்தனர். செலவு அதிகம் என்பதே சொல்லப்பட்ட காரணம்.

இருந்த தொழில்களும் போயின

வெளியிலிருந்து தொழில் வருமுன் எமக்கென்று தொழில்கள் இருந்தன. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மருதமுனையிலும் கைத்தறி பல பெண்களுக்குச் சோறு போட்டது. 1977இன் பின் இறக்குமதித் துணி வந்து குவிந்தபோது நாடெங்கும் ஆயிரக்கணக்கான தறிகள் நின்றன. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையையும் யுத்தம் நிறுத்தியது.

நிவாரணமாகத் தையல் இயந்திரம் கொடுத்த திட்டங்களையும் இங்கு நினைக்க வேண்டும். ஒரே கிராமத்தில் பலருக்குத் தையல் இயந்திரம் கிடைத்தது. ஆனால் சந்தையில் இறக்குமதிச் சட்டை தைக்கும் கூலியை விட மலிவாக விற்றது. இயந்திரம் மூலையில் நின்றது, சிலருக்கு நுண்கடன் மட்டும் மிஞ்சியது. அந்தப் பெண்களுக்குத் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

பல்லேகலைப் பக்கத்தில் நடந்தது

நான் அறிந்த சகோதரி ஒருவரின் குடும்பம் கண்டித் தோட்டமொன்றைச் சேர்ந்தது. 1977 வன்செயலின் பின் வவுனியாவுக்கும் பின்னர் கிளிநொச்சிக்கும் சென்றவர்கள். 2009இல் கணவரை இழந்த அவர், பிள்ளைகளுடன் திகனவிலுள்ள சின்னம்மாவிடம் வந்து சேர்ந்தார். ஒரு ஆடைத் தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை செய்தார். முதலில் ஓவர்டைம் நின்றது. பிறகு இரண்டு லைன்களை ஒன்றாக்கினார்கள். ஒருநாள் எல்லோரையும் அழைத்து, ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டால் இரண்டு மாதச் சம்பளம் தருவதாகக் கூறினார்கள். கடிதம் சிங்களத்தில் இருந்தது. அவர் பேசுவார், ஆனால் வாசிக்கத் தெரியாது. கையொப்பமிட்டார். அது தாமாக விரும்பி வேலையை விட்டு விலகும் கடிதம்.

அதே லைனில் இருந்த சிலர் கையொப்பமிடவில்லை. ஒன்றாகச் சேர்ந்து கண்டியிலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குச் சென்றனர். பல மாதம் அலைந்தார்கள். ஆனாலும் சட்டப்படி கிடைக்க வேண்டிய நட்டஈட்டைப் பெற்றார்கள். அந்தச் சகோதரிக்குப் பணிக்கொடை மட்டுமே கிடைத்தது, அதுவும் நாம் எடுத்துச் சொன்ன பிறகு. ஒரு கையொப்பம் எவ்வளவு பெறுமதி என்பதை இன்றைய கணக்கில் பாருங்கள். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஐந்து வருடச் சேவைக்கு நட்டஈடு, வருடத்துக்கு இரண்டரை மாதம் வீதம் பன்னிரண்டரை மாதச் சம்பளம். அதாவது 375,000 ரூபா. இரண்டு மாதச் சம்பளம் 60,000 ரூபா.

நாம் அறிந்திருக்க வேண்டியவை

1. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்திய 12 மாதத்துக்குள் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே சம்மதக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையொப்பமிட வேண்டாம்.

2. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். உங்கள் அங்கத்துவ இலக்கத்தை எழுதி வையுங்கள். பணம் கட்டப்படுகிறதா என்று இடையிடையே விசாரியுங்கள். மூடிய பிறகு தேடுவது மிகவும் கடினம்.

3. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால் 1983ஆம் ஆண்டின் சட்டப்படி பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளம் பெறுபவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். நீங்களாக விலகினாலும் இது உங்களுக்குரியது.

4. நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், தொழிற்சாலை அடையாள அட்டை ஆகியவற்றை எறியாதீர்கள். பிரதி எடுத்து இன்னொரு வீட்டிலும் வையுங்கள்.

5. தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். விளங்காத மொழியிலுள்ள பத்திரத்தை, நம்பிக்கையான ஒருவர் வாசித்துச் சொல்லும் வரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

6. சேமலாப நிதியில் அங்கத்தவராக இருந்த கணவர் இறந்திருந்தால், அப்பணத்தைப் பின்னுரித்தாளரோ சட்டப்படியான வாரிசுகளோ கோரலாம். காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிடாமல் தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

7. தனியாகப் போகாதீர்கள். பத்துப் பேராகப் போகும்போது அலுவலகத்தில் கதிரை கிடைக்கிறது.

இந்த அறிவுரைகளால் ஒரு தொழிற்சாலையும் மூடப்படாமல் நின்றுவிடாது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஓடரை வேறு நாட்டுக்கு மாற்றும் முடிவைத் தடுக்க எமது கைகளில் இன்று பலமில்லை. அதற்குத் தொழிற்சங்கங்களும், அரசும், பல நாட்டுத் தொழிலாளரின் ஒற்றுமையும் வேண்டும். ஆனால் உழைத்த வருடங்களுக்குரியதைப் பெறுவது எமது கைகளில் இருக்கிறது.

யுத்த காலத்தில் பலமுறை இடம்பெயர்ந்த பெண்கள் ஒரு பாடத்தைக் கற்றிருந்தார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, தலைமாட்டில் வைத்தே உறங்கினார்கள். பதுங்குகுழிக்குள் போகும்போதும் அந்தப் பை கூடவே போனது. இன்று வேலைக்குப் போகும் சகோதரிகளே, அந்தப் பையில் உங்கள் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சிட்டையையும் சேர்த்து வையுங்கள்.