கரடுமுரடான பாதைக்கு ஒரு பழைய ஜிப்சி

மாருதி ஜிப்சி 1985 டிசம்பரில் இந்தியச் சந்தைக்கு வந்தது. சுசுகியின் ஜிம்னி வரிசையில் நீண்ட வீல்பேஸ் கொண்ட வண்டிதான் இங்கே இந்தப் பெயரைப் பெற்றது. தொடக்கத்தில் அதற்கு 970 சி.சி. பெட்ரோல் எஞ்சின் இருந்தது. 1996-இல் 1298 சி.சி. எஞ்சினுடன் ஜிப்சி கிங் வந்தது; 2000-இல் அந்த எஞ்சின் 16 வால்வுகளும் இன்ஜெக்‌ஷனும் பெற்று 80 குதிரைத்திறனை எட்டியது. 2019-இல் தயாரிப்பு நின்றுபோனது. ராணுவம், காவல்துறை, வனச் சரணாலயச் சவாரி, ரெய்டு டி ஹிமாலயா போன்ற போட்டிகள் என்று எங்கும் ஓடிய வண்டி என்பதால், பழைய ஜிப்சியை வாங்கி வீட்டு ஷெட்டில் வைத்துச் சீர்படுத்துவோர் இன்றும் உண்டு.

துணிக்கூரை ஜிப்சியின் எடை சுமார் 985 கிலோதான். ஏணி போன்ற சேசிஸ், முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் கமான் பட்டை என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும்படி, கைக்கு எட்டும்படி அமைந்தவை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் பொறுமையாகப் பிரித்து மாட்டலாம். ஆனால் இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. வண்டி பிறக்கும்போது பெற்றிருந்த திறனை மீட்பது முதல் வேலை. புதிதாக எதையும் சேர்ப்பது அதற்குப் பிறகுதான்.

நான்கு சக்கர இயக்கம்

ஜிப்சியில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனியானவை. இரண்டையும் ஒரு குட்டை ஷாஃப்ட் இணைக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் முன் அச்சுக்கும் மற்றொன்று பின் அச்சுக்கும் செல்கின்றன. ஓட்டுநர் அருகிலுள்ள சிறிய லிவரில் மூன்று நிலைகள் உண்டு: இரு சக்கர இயக்கம், நான்கு சக்கர உயர்வேகம், நான்கு சக்கரக் குறைவேகம். குறைவேகத்தில் வண்டி ஊர்ந்து போகும். சக்கரத்தில் இழுவிசை பெருகும். பாறை ஏறவும் செங்குத்தான சரிவில் கட்டுப்பாட்டோடு இறங்கவும் இந்த நிலைதான் உதவுகிறது.

முன் சக்கரங்களின் நடுவில் உள்ள ஹப்பைக் கையால் திருகி அச்சோடு பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் லிவரைப் போட்டாலும் முன் சக்கரங்களுக்கு விசை போகாது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது என்பதால், தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். மண்ணில் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லாததால் கியர்களும் ஷாஃப்ட்களும் முறுக்கேறும்.

வேலையிடம்

மழை படாத, சமதளமான சிமெண்ட் தரை போதும். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய வண்டியைத் தாங்க வேண்டியது இரும்பு ஸ்டாண்டுகள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கலையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கியோ வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. சிமெண்ட் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். வெல்டிங் செய்வதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்க் அருகில் இருந்தால் அதையும் இறக்கிவிட வேண்டும். டார்க் ரெஞ்ச், கிரீஸ் கன், பாதுகாப்புக் கண்ணாடி, தீயணைப்பான் ஆகிய நான்கும் முதல் நாளிலேயே ஷெட்டில் இருக்க வேண்டியவை.

முதலில் மீட்பு

பழைய வண்டியின் பெரிய எதிரி துரு. சேசிஸின் வெளிப்பூச்சு புதிதாக மின்னலாம். அதை நம்ப முடியாது. சிறு சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இடத்தில் பொத்தென்று மங்கிய ஓசை வரும். கமான் பட்டையைத் தாங்கும் ஷேக்கிள் பிராக்கெட்டுகளின் ஓரம், பாடி மவுன்ட்களின் அடி, குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலை ஆகியவை கவனமாகத் தட்ட வேண்டிய இடங்கள். அரித்த சேசிஸில் கயிற்றால் இழுக்கும் வின்ச்சும் பெரிய டயரும் பொருத்துவது ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும்.

அடுத்தது முன் அச்சு. முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால், உதவியாளர் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குறை வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங்கில். ஸ்டீயரிங் திரும்பும் உருண்டை வடிவ நக்கிளில் கெட்டியான கிரீஸுக்குப் பதில் நீர்த்த எண்ணெய் வழிந்தால், அச்சுக்குள் இருக்கும் சீல் தேய்ந்து கியர் ஆயில் வெளியே வருகிறது என்று பொருள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்று ரப்பர் மவுன்ட்களில் தொங்குகிறது. அவை கிழிந்தால் வண்டி அதிரும், ஷாஃப்ட் கிராஸ்கள் சீக்கிரம் தேயும். இந்த மவுன்ட்கள், பட்டை புஷ்கள், பிரேக் ஹோஸ்கள், ரேடியேட்டர் குழாய்கள், எல்லா எண்ணெய்கள் ஆகியவற்றைப் புதிதாக்கினாலே ஓய்ந்துபோன ஜிப்சி பழைய வலிமையோடு எழுந்து நிற்கும்.

சட்டத்தின் எல்லை

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. வண்டியின் முன்னால் பொருத்தும் இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டது. நடந்து செல்பவர் மீது மோதினால் காயத்தை அவை கொடிதாக்குகின்றன.

எனவே இந்த வேலை இரண்டாகப் பிரிகிறது. பழுதுநீக்கம், தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள் நல்ல டயர், கழற்றி எடுத்துச் செல்லும் மீட்புக் கருவிகள் ஆகியவை சாலையில் ஓடும் வண்டிக்கு உரியவை. பெரிய டயர், உயரம் கூட்டுதல், பட்டையை இடம் மாற்றுதல் ஆகியவை தனியார் நிலத்திலும் போட்டித் தளத்திலும் மட்டும் ஓடும் வண்டிக்கு உரியவை. அத்தகைய வண்டியை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி எந்த வண்டியும் நுழைவது குற்றம். ஓடைப்படுகையும் புல்வெளியும் சக்கரத் தடத்திலிருந்து மீள ஆண்டுகள் ஆகும்.

டயர்

முழு அச்சு வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் உருண்டை. பட்டையை உயர்த்தினால் பாடிதான் உயரும். இந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்தும் எளிய வழி பெரிய டயர். ஜிப்சியின் 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. 215/75 ஆர்15 போட்டால் சுமார் 704 மி.மீ. விட்டம் 36 மி.மீ. கூடினாலும் உருண்டைக்கு அடியில் கிடைப்பது அதில் பாதி, 18 மி.மீ. மட்டுமே. டயரின் சுற்றளவு ஐந்து சதவீதம் கூடுவதால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 63-இல் ஓடும். இழுவிசையும் அதே அளவு குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும்.

காற்றழுத்தத்தைக் குறைப்பதற்குச் செலவே இல்லை. மணலில் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் தட்டையாகி நீளமாகத் தரையைப் பற்றும். புதைந்துபோகும் வண்டி மிதந்து செல்லும். அந்த அழுத்தத்தில் வேகமாக ஓட்டவோ சட்டென்று வளைக்கவோ கூடாது, டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலைக்குத் திரும்புமுன் காற்று நிரப்பச் சிறு கம்ப்ரஸர் கைவசம் வேண்டும்.

பட்டையும் உயரமும்

ஜிப்சியில் கமான் பட்டைகள் அச்சுக்கு அடியில் கட்டப்பட்டுள்ளன. போட்டி வண்டிகளில் அவற்றை அச்சுக்கு மேல் மாற்றிக் கட்டுவார்கள். வண்டி சுமார் 5 அங்குலம் உயரும். ஆனால் இந்த ஒரு மாற்றம் ஒரு வரிசையையே இழுத்துவரும். அச்சில் புதிய பட்டை இருக்கைகளை வெல்ட் செய்ய வேண்டும். அவற்றின் கோணம் பிசகினால் ஷாஃப்ட் கிராஸ் உடையும். ஸ்டீயரிங் தண்டு சரிந்து, மேடு பள்ளத்தில் வண்டி தானாகத் திரும்பும். பிரேக் ஹோஸ் எட்டாது. ஷாக் அப்சார்பர் நீளம் போதாது. விசை கொடுக்கும்போது பட்டை முறுக்கிக்கொள்ளும்.

கவிழும் அபாயமும் கூடுகிறது. 1993-க்குப் பிந்தைய அகலப் பதிப்பிலும் இரு சக்கரங்களுக்கு இடையே 1300 மி.மீ. அளவே உள்ளது. வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், நிற்கும் வண்டி பக்கவாட்டில் 45 டிகிரி சாயும்வரை கவிழாது. மையம் 10 செ.மீ. உயர்ந்தால் அந்த எல்லை 41 டிகிரியாகும். ஓடும் வண்டிக்கு எல்லை இன்னும் குறைவு. ஆகவே தனியார் தளத்துக்கான வண்டியிலும் தேவைக்கு மேல் ஓர் அங்குலம்கூட உயர்த்தாமல் இருப்பதே நல்லது. களைத்துத் தாழ்ந்த பட்டைகளுக்குப் பதில் புதிய பட்டைகளைப் போட்டாலே இழந்த உயரம் பெருமளவு திரும்பும்.

சிக்கினால் மீள

சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது வீணாகச் சுழலும். தரையில் உள்ள சக்கரம் அசையாது. இரண்டையும் பூட்டும் லாக்கர் இதைத் தீர்க்கும். ஆனால் அதன் முழுப் பளுவும் பழைய ஆக்ஸில் ஷாஃப்ட் மேல் விழும்.

இழுத்து மீட்க, சேசிஸில் போல்ட் செய்த வலுவான கொக்கி முன்னும் பின்னும் வேண்டும். பம்பரில் கயிறு கட்டக் கூடாது. பிய்ந்து பறக்கும் இரும்பு உயிரைப் பறிக்கும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் ஷேக்கிளின் தாங்குதிறன் அதன் மேலேயே பொறித்திருக்க வேண்டும். வின்ச்சின் திறன் முழு எடையைப் போல் ஒன்றரை மடங்கு என்பது பொது விதி. ஆளும் சரக்குமாக ஒன்றரை டன் வரும் ஜிப்சிக்குக் குறைந்தது இரண்டேகால் டன் தேவை. இழுக்கும்போது கயிற்றின் நடுவே கனத்த போர்வை போட்டு, மற்றவர்களைக் கயிற்றின் நீளத்துக்கும் அப்பால் நிறுத்த வேண்டும்.

நீர்

எஞ்சின் காற்றிழுக்கும் குழாயை உயர்த்தினால் மட்டும் வண்டி நீரைத் தாண்டிவிடாது. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக நீரை உறிஞ்சும். அச்சுகள், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் காற்றுத் துளைகளில் ரப்பர் குழாய் மாட்டி பானெட்டுக்குள் உயரத்தில் கட்டுவது மலிவான, மிகப் பயனுள்ள வேலை. நீரைக் கடந்து வந்தபின் வடிகால் திருகைச் சற்றே தளர்த்திப் பார்க்க வேண்டும். வழியும் எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அன்றே மாற்ற வேண்டும். விட்டுவைத்தால் பேரிங்குகள் துருப்பிடிக்கும்.

சரிபார்ப்பு

கழற்றிய யூ போல்ட்டை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. அது ஒருமுறை முறுக்கியதிலேயே நீண்டிருக்கும். புதியதை மாட்டி, வண்டி தன் எடையில் நிற்கும்போது டார்க் ரெஞ்சால் முறுக்கி, முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்க வேண்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயரோ ஹோஸோ எதிலும் உரசவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிரேக்கை முதலில் மெதுவான வேகத்தில், ஆளில்லாத இடத்தில் சோதிக்க வேண்டும். மாற்றிய பாகம், தேதி, கிலோமீட்டர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்தால், அடுத்த பழுதின் காரணம் பெரும்பாலும் அந்தப் பக்கங்களிலேயே கிடைக்கும்.