கொட்டிய பிறகு இருபது விநாடி

மழைக்காலம் முடிந்து ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும் நாள்களில், அம்பூரியின் தோட்டங்களுக்குள் தேன்பெட்டிகள் வந்து இறங்கும். ரப்பரில் தேன் ஊறுவது பூவில் அல்ல. இளந்தளிரின் காம்பு நுனியில், மூன்று சிற்றிலைகள் பிரியும் இடத்தில் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில்தான். நெய்யாற்றுச் சரிவுகள் தொடங்கி வெள்ளறடை, பனச்சமூடு, கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் அருமனை, மார்த்தாண்டம் வரை இது தேன் காலம். புதிதாகத் தேனீ வளர்க்க வருகிறவர் முதல் பெட்டியைத் திறந்து பழக ஏற்ற காலமும் இதுதான். இரை தாராளமாகக் கிடைக்கும்போது தேனீக்கள் சாந்தமாக இருக்கும். ஆனி, ஆடி மழையில் வெளியே தேன் இல்லாதபோது அதே பெட்டி சீறும்.

இந்த வட்டாரத்தில் தேனீயோடு மனிதக் கை நெருங்கியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரகச் சீரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், சட்டங்களை வெளியே எடுக்கக்கூடிய மரப்பெட்டிகளில் தேனீ வளர்ப்பை இங்கே பரப்பினார். காட்டில் தேனெடுப்பவர் கூட்டை அறுத்துக்கொண்டு போய்விடுவார்; பெட்டி வைத்திருப்பவரோ வாரந்தோறும் திறந்து பார்த்தாக வேண்டும். ஆகவே கொட்டு வாங்குவது இந்தத் தொழிலில் விபத்து அல்ல, அன்றாடம்.

தேனீயின் கொடுக்கு, முட்டையிடும் உறுப்பிலிருந்து பரிணமித்தது. ஆகவே ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. பெண்களான வேலைக்காரத் தேனீக்களின் கொடுக்கில் முட்கள் கொண்ட இரண்டு ஊசிகள் மாறிமாறி நகர்ந்து உள்ளே இறங்கும். நம்முடைய தோல் இழுபடும் தன்மையுள்ளது; முள் மாட்டிக்கொள்ளும். தேனீ பறக்க முயலும்போது கொடுக்கு, நஞ்சுப்பை, அதை இயக்கும் தசை, நரம்பு முடிச்சு எல்லாம் பிய்ந்து தோலிலேயே தங்கிவிடும். தேனீ செத்துப்போகும், கொடுக்கு ஓயாது. உற்றுப் பார்த்தால், உடலைப் பிரிந்த அந்த வெண்ணிறப் பை துடித்துத் துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். மேலைத் தேனீயில் அளந்து பார்த்தபோது, நஞ்சில் தொண்ணூறு சதவீதம் முதல் இருபது விநாடிக்குள் இறங்கிவிடுவது தெரிந்தது.

கொடுக்கைக் கிள்ளி எடுக்கக் கூடாது, நகத்தாலோ கத்தியாலோ சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். 1996-இல் விஷர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தபோது, எடுக்கும் முறையால் வீக்கத்தில் வித்தியாசம் இல்லை, தாமதத்தால்தான் வித்தியாசம் என்று கண்டார்கள். கத்தியைத் தேடி ஓடுவதைவிட, கையில் பட்டபடி உடனே எடுப்பதே சரி.

அடுத்த வேலை புகை. கொட்டிய இடத்திலிருந்து ஒரு மணம் எழும். அதில் முதன்மையான பொருள் ஐசோபென்டைல் அசிடேட். கனிந்த வாழைப்பழத்தின் மணமும் இதே பொருளால் வருவதுதான். மனித மூக்குக்கு இனிக்கும் அந்த வாசம், தேனீக்கு 'எதிரி இங்கே' என்ற அறிவிப்பு. ஒரு கொட்டு பத்துக் கொட்டாவது இதனால்தான். தேங்காய் நார்ப் புகையைக் கொட்டிய இடத்தில் காட்டினால் மணம் மறையும். மட்டி வாழைப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள். தேனீயைச் சீண்டும் கறுப்புச் சட்டையும் வேண்டாம்.

எங்கே கொட்டினால் அதிகம் வலிக்கும்? கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த மைக்கேல் ஸ்மித், தன் உடலில் 25 இடங்களில் கொட்டவிட்டு 2014-இல் பதில் சொன்னார். மூக்குத்துளை முதலிடம், மேலுதடு அடுத்தது. கையுறை போடாமல் வேலை செய்யும் அனுபவசாலிகூட முகவலையைக் கழற்றாததன் நியாயம் இதில் இருக்கிறது.

கொட்டிய இடம் வீங்குவது, அரிப்பது, கண் அருகே பட்டால் மறுநாள் இமை மூடிக்கொள்வது எல்லாம் இயல்பு. குளிர்ந்த ஒத்தடம் போதும். மீண்டும் மீண்டும் கொட்டு வாங்குகிறவரின் உடல், நஞ்சைத் தடுக்கும் ஐஜிஜி4 எதிர்ப்பான்களைச் சேர்த்துக்கொள்வதால் வீக்கம் குறைந்துகொண்டே வரும். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் பிரான்சில் தேனீ வளர்ப்பவர்களிடம் நடந்த ஆய்வு ஒரு விசித்திரத்தைக் காட்டியது: உடல் முழுவதும் பரவும் ஒவ்வாமை, ஆண்டுக்கு இருநூறு கொட்டுக்கு மேல் வாங்கியவர்களிடம் இல்லை, இருபத்தைந்துக்குக் குறைவாக வாங்கியவர்களிடம்தான் அதிகம். புதியவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. நேற்றுவரை ஒன்றும் ஆகாதவருக்கும் ஒவ்வாமை வரலாம்.

கொட்டாத இடத்திலும் தடிப்பு, தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல், தலைசுற்றல், வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் வீட்டு மருத்துவம் பார்க்காதீர்கள். அப்போது உயிர் காக்கும் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி; அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது. ஒவ்வாமை உறுதியானவர் மனமொடிய வேண்டியதில்லை. கொட்டத் தெரியாத கொசுத்தேனீயை மூங்கில் குழலிலும் மண்கலயத்திலும் வளர்க்கலாம், அதன் தேனுக்கு விலையும் அதிகம். மற்றவர்கள், முதல் பெட்டி வாங்கும் முன் அருகிலுள்ள எந்த மருத்துவமனையில் அட்ரினலின் எந்நேரமும் கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள். ரப்பர் தோட்டத்துக்குள் தனியாகப் போய்ப் பெட்டியைத் திறக்காதீர்கள்.