உங்களுக்குத் தெரியுமா? ஒரு வார இறுதியில் மாறிய தெருக்கள்

வெள்ளி மாலை ஆரம்பம், திங்கள் மாலை முடிந்தது

1972 மே மாதம். பிரேசிலின் குரிச்சிபா நகரில், முக்கியக் கடைத்தெருவில் மாநகராட்சி ஆட்கள் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தார்ச்சாலையைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். 72 மணி நேரம்தான். அடுத்த வாரம் வேலைக்கு வந்தவர்கள் அங்கே கார் ஓடும் பாதையையே காணவில்லை. கல் பாவிய தரை, புது விளக்குக் கம்பங்கள், வரிசையாகப் பூச்செடிகள். நகரத்தின் மேயர் ஜைமே லெர்னருக்கு அப்போது வயது 34; தொழிலால் கட்டடக் கலைஞர்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், சாவகாசமாக வேலை நடந்தால் வியாபாரிகள் கோர்ட்டில் தடை வாங்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கார் வராவிட்டால் கல்லாவில் காசு விழாது என்று அவர்கள் பயந்தார்கள். ஆனால் கூட்டம் கூடியதே தவிர குறையவில்லை. எதிர்த்த கடைக்காரர்களே, இன்னும் சில தெருக்களுக்கு இதை நீட்டுங்கள் என்று கேட்டு வந்தார்கள்.

கார் வைத்திருப்போர் சங்கம் மட்டும் விடவில்லை. வருகிற சனிக்கிழமை வரிசையாகக் கார்களை ஓட்டிவந்து தெருவைத் திரும்பப் பிடிப்போம் என்று அறிவித்தது. லெர்னர் போலீஸைக் கூப்பிடவில்லை. தெரு நெடுக நீளக் காகிதத்தை விரித்து, வண்ணங்களைக் கொடுத்து, ஊர்ப் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டார். கார்க்காரர்கள் வந்தபோது தரை முழுக்கக் குழந்தைகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். வண்டிகள் திரும்பிப் போயின. அந்தச் சனிக்கிழமை ஓவியம் பின்னர் அந்தத் தெருவின் வழக்கமாகவே நிலைத்தது.

பஸ் நிற்கும் நேரத்தை மிச்சம் பிடித்தவர்கள்

அதே குரிச்சிபாவில் 1974 முதல் பஸ்களுக்கென்று தனிப்பாதை உண்டு. மெட்ரோ ரயில் கட்டப் பணமில்லாத ஊர் கண்டுபிடித்த வழி அது. 1991-ல் கண்ணாடிக் குழாய் வடிவ நிறுத்தங்கள் வந்தன. பயணி குழாய்க்குள் நுழையும்போதே டிக்கெட் காசைக் கட்டிவிடுகிறார். உள்ளே தரை, பஸ்ஸின் தரை இருக்கும் அதே உயரத்தில் இருக்கிறது. பஸ் வந்து நின்றதும் கதவு திறக்கும். கதவடியிலிருந்து ஒரு பலகை மடங்கி இறங்கி மேடையைத் தொடும். படியும் இல்லை, சில்லறைத் தகராறும் இல்லை. கைப்பிள்ளைக்காரியும் சக்கர நாற்காலிக்காரரும் மற்றவர்களைப் போலவே நேராக உள்ளே போகலாம். நம் ஊரில் முழங்கால் வலிக்கிற ஒரு பாட்டி பஸ் படியில் கால் வைக்க எத்தனை நொடி ஆகிறது என்று ஒரு தடவை நின்று பார்த்தால், அந்தப் பலகையின் மதிப்பு புரியும். சென்னைச் சாலைகளில் 2024-ல் தாழ்தளப் பஸ்கள் புதிதாக இறங்கின. மாற்றுத்திறனாளிகளுக்காகப் போராடியவர்கள் உயர் நீதிமன்றம் வரை போய்ப் பெற்றுத் தந்தவை அவை.

புல் வெட்டும் ஆடுகள்

குரிச்சிபாவின் பெரிய பூங்காக்கள் சில, ஆற்றோரம் வெள்ளம் பாயும் தாழ்நிலங்களில் அமைந்தவை. கான்கிரீட் கரை எழுப்பாமல், மழைக்காலத்தில் தண்ணீர் வந்து தங்கிப் போகட்டும் என்று ஏரியும் புல்வெளியுமாக விட்டுவிட்டார்கள். புல்லை மேய்த்துக் குறைக்கச் செம்மறி ஆடுகளை விட்டார்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மழைநீரை உறிஞ்சித் தேக்கும் ‘ஸ்பாஞ்ச் பார்க்’குகளைச் சென்னை மாநகராட்சியும் இப்போது அமைக்கிறது. விளையாட்டுத் திடலையும் நடைபாதையையும் சிமென்ட் போட்டு மூடாமல் இருந்தால்தான் அவை பேருக்கேற்ற பூங்காக்களாக இருக்கும்.

ஒரே ராத்திரியில் திரும்பிய பலகைகள்

நெதர்லாந்தின் குரோனிங்கனில் 1977 செப்டம்பரில் நகர மையத்தை நான்கு துண்டுகளாகப் பிரித்தார்கள். ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளிலும் நடந்தும் நேராகப் போகலாம். சாலைப் பலகைகளை மாற்றும் வேலை ஒரே இரவில் முடிந்தது. உலகிலேயே சைக்கிள் அதிகம் ஓடும் நகரங்களில் இன்று அதுவும் ஒன்று.

நெடுஞ்சாலையில் மணல் கொட்டிய பாரிஸ்

சேன் நதியின் வலது கரையை ஒட்டி 1967-ல் விரைவுச் சாலை போட்டது பாரிஸ். 2002 கோடையில் மேயர் பெர்த்ரான் தெலனோயே அதில் ஒரு பகுதியை ஏறக்குறைய ஒரு மாதம் மூடி, மணல் கொட்டி, பனை வகை மரங்களைத் தொட்டியில் வைத்து, சாய்வு நாற்காலி போட்டார். விடுமுறைக்குக் கடற்கரை போக வசதியில்லாத குடும்பங்கள் வந்து குவிந்தன. ஆண்டுதோறும் நடந்து ஊருக்குப் பழகிவிட்டது. 2016-ல் 3.3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கார்களை நிரந்தரமாகவே நிறுத்தியபோது, அங்கே நடப்பது எப்படி இருக்கும் என்று பாரிஸ்காரர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

ஏழு மாத ஒத்திகை

நகருக்குள் நுழையும் காருக்குக் கட்டணம் என்றபோது ஸ்டாக்ஹோம் மக்களில் பெரும்பான்மையோர் கூடாது என்றார்கள். சரி, முதலில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனை நடந்தது. கட்டண எல்லையைத் தாண்டும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனை முடிந்தபின் செப்டம்பரில் வாக்கெடுப்பு. இம்முறை நகரம் ‘வேண்டும்’ என்றது. 2007 ஆகஸ்ட் முதல் கட்டணம் நிரந்தரம்.

நில நடுக்கம் காட்டிய வழி

சான் பிரான்சிஸ்கோவில் கடலோரத்தை மறைத்துக்கொண்டு இரண்டடுக்கு மேம்பாலச் சாலை ஒன்று இருந்தது. இடித்துவிடலாமா என்று 1986-ல் கேட்டதற்கு வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். 1989 அக்டோபர் நில நடுக்கத்தில் பாலம் விரிசல் விட்டு மூடப்பட்டது. பாலம் இல்லாமலும் ஊர் ஓடியது. 1991-ல் இடித்தார்கள். இப்போது அங்கே டிராம் ஓடுகிறது, பனை வரிசை நிற்கிறது, ஜனங்கள் கடலைப் பார்த்து நடக்கிறார்கள்.

அதே ஊரில் 2005-ல் ஒரு வடிவமைப்புக் குழு, கார் நிறுத்தும் இடத்து மீட்டரில் இரண்டு மணி நேரத்துக்குக் காசு போட்டது. காருக்குப் பதில் புல் விரிப்பு, பெஞ்ச், ஒரு மரம். நேரம் முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று பல நாடுகளில் செப்டம்பர் மூன்றாவது வெள்ளியன்று இதைச் செய்கிறார்கள்.

ஞாயிறு காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு வரை

கொலம்பியாவின் பொகோட்டாவில் ஒவ்வொரு ஞாயிறும் அரசு விடுமுறையும் 120 கிலோமீட்டருக்கும் மேல் பெரிய சாலைகளில் காருக்கு அனுமதி இல்லை. 1974-ல் ஒரு நாள் முயற்சியாகத் தொடங்கியது. சைக்கிள், ஸ்கேட்டிங், நாய், தள்ளுவண்டியில் குழந்தை, சாலையோரத்தில் இலவச உடற்பயிற்சி வகுப்பு என்று ஊரே தெருவில் இருக்கும். பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைச் சாலையிலும் சில ஆண்டுகளுக்கு முன் கார் இல்லா ஞாயிறுகள் நடந்தன. அவை ஊர் முழுக்கப் பரவாமல் போனது பெரிய இழப்பு.

கையெழுத்துப் போட்ட மறுநாளே

நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் என்ற உத்தரவு 2021 மே 7 அன்று கையெழுத்தானது. மே 8 காலையிலேயே தமிழ்நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பூக்கூடையோடு ஏறுகிறவர்கள் கையில் அன்றாடம் மிச்சமாகும் காசைக் கணக்கில் சேர்த்தால், எந்த மேம்பாலமும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து.

பாண்டி பஜாரின் அகலம்

தி.நகர் பாண்டி பஜாரில் வண்டிப் பாதையைக் குறுக்கி, இரு பக்கமும் நடைபாதையை விரித்து 2019 நவம்பரில் திறந்தார்கள். அதற்கு முன் வண்டிகளை நிறுத்தி ஒத்திகையும் பார்த்தார்கள். பைகளைக் கீழே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து பேசும் குடும்பங்களைத் தீபாவளி நேரத்தில் அங்கே பார்க்கலாம். முன்பு நிற்கவே இடமிருக்காது. ஒரு குறை உண்டு. 2013-ல் வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்ட பிளாட்பாரக் கடைக்காரர்களுக்கு இந்த அகலத்தில் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம்.

பதினைந்து சென்டிமீட்டர்

நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலை காங்கிரஸின் 2012 வழிகாட்டி. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் போக அவ்வளவு வேண்டும். உங்கள் தெருவில் ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். முழங்கால் உயரத்துக்கு எழுப்பி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சரித்து இறக்கி, நடுவில் மின்பெட்டியை நட்டு, மிச்ச இடத்தில் பைக் நிறுத்திய நடைபாதையில் யாரும் ஏற மாட்டார்கள், சாலையில்தான் நடப்பார்கள். அளவு தப்பாக இருந்தால் புகார் கொடுக்கலாம். சென்னையில் மாநகராட்சியின் எண் 1913. தெருப் பெயர், கதவு எண், அளந்த உயரம் மூன்றையும் சொல்லுங்கள். புகாருக்குத் தரும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.