தீர்ந்தும் தீராத செல்

காரில் ஏறப் போகிறவரின் கையில் உள்ள சாவியைக் கவனித்திருக்கிறீர்களா? சாவியில் இருக்கும் பொத்தானை அழுத்துகிறார். தள்ளி நிற்கும் கார் விளக்கைச் சிமிட்டுகிறது. கதவுப் பூட்டு விடுபடுகிறது. 1982-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ரெனோ நிறுவனம் தன் 'ஃபுவேகோ' காரில் இத்தகைய சாவியைக் கொடுத்தபோது அது பெரிய புதுமை. இன்று அது அன்றாடப் பொருளாகிவிட்டது.

இந்த ரிமோட் சாவி ஒருநாள் சண்டித்தனம் செய்யத் தொடங்கும். முப்பது அடி தூரத்திலிருந்து திறந்த கதவு, பக்கத்தில் போய் இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் திறக்கும். "செல் தீர்ந்துவிட்டது" என்பார்கள் வீட்டில். புதிய செல் போடுவது பத்து நிமிட வேலை. பெரியவர் ஒருவர் உடனிருந்தால் நீங்களே செய்துவிடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி. அந்தச் செல் உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா?

பெயரிலேயே விவரம்

சாவிக்குள் இருப்பது நாணயம் போன்ற தட்டையான செல். அதன் முகத்தில் பெரும்பாலும் 'சி.ஆர். 2032' என்று பொறித்திருக்கும். 'சி' என்ற எழுத்து இது லித்தியமும் மாங்கனீசு டை ஆக்சைடும் கொண்ட செல் என்பதைக் குறிக்கும். 'ஆர்' என்றால் வட்ட வடிவம். 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 32 என்பது தடிமன். அதைப் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். அதாவது 3.2 மில்லிமீட்டர். இந்த வகைச் செல்லை 1975-இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

டார்ச் விளக்கின் செல் 1.5 வோல்ட் தருகிறது. இந்தச் சின்னஞ்சிறு செல்லோ 3 வோல்ட் தருகிறது. காரணம், டார்ச் செல்லில் உள்ள துத்தநாகத்தைவிட லித்தியம் மிக எளிதில் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும்.

இங்கே ஒரு புதிர். கடையில் 2032 இல்லை; 2016 தான் இருக்கிறது. அதன் தடிமன் 1.6 மில்லிமீட்டர். இரண்டை அடுக்கினால் 3.2 மில்லிமீட்டர்! விட்டமும் 20 தான். போடலாமா? கூடவே கூடாது. இரண்டு செல்களும் தொடரிணைப்பில் சேர்ந்து 6 வோல்ட் கொடுக்கும். சாவியின் மின்சுற்று பழுதாகிவிடும். 2025-ஐப் போட்டாலோ தடிமன் போதாமல் தொடுதகடு சரியாகப் படாது. ஆகவே பழைய செல்லில் உள்ள எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள்.

செல் ஏன் களைக்கிறது?

பொத்தானை அழுத்தாதபோது சாவி ஏறக்குறைய உறங்குகிறது. அப்போது அதற்குச் சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டம் போதும். அழுத்தியதும் விழித்துக்கொண்டு ரேடியோ அலையை அனுப்புகிறது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான சாவிகளின் அதிர்வெண் 433.92 மெகாஹெர்ட்ஸ். அந்த ஒரு கணத்தில் சுமார் 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும்.

எந்தச் செல்லுக்கும் உள்ளேயே சிறிது மின்தடை உண்டு. இதை அகமின்தடை என்கிறோம். புதிய செல்லில் இது 15 ஓம் என்று கொள்வோம். ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். 0.01 ஆம்பியரை 15 ஓமால் பெருக்கினால் 0.15 வோல்ட். செல்லுக்குள்ளேயே இவ்வளவு இழந்தாலும் 2.85 வோல்ட் வெளியே கிடைக்கிறது. சாவிக்கு இது தாராளம்.

செல் பழையதாக ஆக அகமின்தடை ஏறுகிறது. அது 100 ஓம் ஆகிவிட்டது என்று கொள்வோம். இப்போது உள்ளேயே 1 வோல்ட் வீணாகிறது. 2.8 வோல்ட் உள்ள செல்லிலிருந்து சாவிக்குக் கிடைப்பது 1.8 வோல்ட் மட்டுமே. சாவிக்கு 2 வோல்ட்டாவது வேண்டும் என்றால் அது எப்படி வேலை செய்யும்? ஆனால் அதே செல்லை வெளியே எடுத்து வோல்ட்மீட்டரில் அளந்தால் 2.8 வோல்ட் காட்டும்! வோல்ட்மீட்டர் மிகமிகக் குறைந்த மின்னோட்டத்தையே கேட்பதால் அகமின்தடை அங்கே தன் வேலையைக் காட்டுவதில்லை.

ஆகவே செல் தீரவில்லை. சாவி கேட்கும் அளவுக்கு விரைவாகக் கொடுக்க அதனால் முடியவில்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். கடைசியில் இது நமக்குத் தேவைப்படும்.

மாற்றும் முறை

மேசைமேல் ஒரு வெள்ளைத் துணியை விரியுங்கள். சிறு குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. பல சாவிகளுக்குள் ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதை முதலில் உருவி எடுங்கள். மூடியில் திருகாணி இருந்தால் கழற்றுங்கள். இல்லையென்றால் ஓரத்தில் சிறு பள்ளம் இருக்கும். தட்டையான திருப்புளியின் நுனியில் துணி சுற்றி, பள்ளத்தில் நுழைத்து மெல்லத் திருப்புங்கள். இரண்டு ஓடுகளும் பிரியும்.

உள்ளே கை வைப்பதற்கு முன் பூசப்படாத ஓர் உலோகப் பொருளைத் தொடுங்கள். உடம்பில் நிலைமின்சாரம் இருந்தால் அது வெளியேறிவிடும். செல்லின் எந்த முகம் மேலே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கூட்டல் குறி உள்ள அகன்ற முகம் நேர்முனை. ஐஸ் குச்சியால் செல்லை நெம்பி எடுங்கள். உலோகக் கருவி இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். புதிய செல்லை உலர்ந்த துணியால் துடைத்து, அதே முகம் மேலே இருக்கும்படி பொருத்துங்கள். ரப்பர் வளையம் இருந்தால் அது தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து மூடியை அழுத்துங்கள். 'க்ளிக்' என்ற ஒலி கேட்க வேண்டும்.

செல்லை எடுத்தால் சாவி தன் ரகசிய எண்ணை மறந்துவிடாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலான சாவிகள் மறப்பதில்லை. மின்சாரம் இல்லாமலும் அழியாத நினைவகத்தில் அந்த எண் பதிந்திருக்கிறது. பிறகும் கார் பணியவில்லையென்றால் காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். சில கார்களில் சாவியை மறுபடி அறிமுகம் செய்ய வேண்டியிருக்கும்.

மஞ்சள் சொல்லும் செய்தி

இப்போது உங்கள் கையில் அந்தப் பழைய செல் இருக்கிறது. ஆசிரியர் முன்னிலையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசி உலர விடுங்கள். விரல் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி உப்புத் தண்ணீரில் நனையுங்கள். அது செல்லின் இரு முகங்களையும் தொடும்படி மடித்து வையுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும்.

சில நிமிடங்களில் செல்லின் சிறிய முகம், அதாவது எதிர்முனை, பட்ட இடத்தில் மஞ்சள் சிவப்பாகும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் வருமே, அதே சிவப்பு! அங்கே காரம் உண்டாகியிருக்கிறது என்பது பொருள். 'தீர்ந்துபோன' செல் உப்புநீரை மின்னாற்பகுப்பு செய்துவிட்டது. சோதனை முடிந்ததும் பட்டையை எறிந்துவிட்டுக் கைகளைக் கழுவுங்கள்.

இனி எண்ணிப் பாருங்கள். தவழும் குழந்தை ஒன்று இந்தச் செல்லை விழுங்கினால் என்ன ஆகும்? 20 மில்லிமீட்டர் வட்டு குழந்தையின் உணவுக்குழலில் சிக்கிக்கொள்ளும். அங்கே உள்ள ஈரம்தான் உப்புநீர். எதிர்முனையில் காரம் சுரந்து திசுவை அரிக்கும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண் உண்டாகலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். சாவிக்குப் போதாத மின்சாரம் இந்தக் கேட்டுக்குப் போதும்.

குழந்தை விழுங்கியதை யாரும் பார்க்காமலே இருக்கலாம். இருமல், எச்சில் வடிதல், உணவை மறுத்தல் இவையே அறிகுறிகளாக இருக்கலாம். ஐயம் இருந்தாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எக்ஸ்-ரே படம் உண்மையைக் காட்டிவிடும். இத்தகைய விபத்துகளுக்குப் பின்னரே அமெரிக்கா 2022-இல் ஒரு சட்டம் இயற்றியது. நாணயச் செல் உள்ள பொருள்களின் செல் அறையைக் குழந்தைகள் எளிதில் திறக்க முடியாதபடி அமைக்க வேண்டும் என்கிறது அது.

ஆகவே கழற்றிய செல்லின் இரு முகங்களிலும் ஒட்டும் நாடாவை ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வையுங்கள். குப்பையில் எறியாமல், மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள், பழைய மின்கலங்களைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்கள்மேல் சுமத்துகின்றன.

இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் இத்தகைய செல் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுங்கள். எடை பார்க்கும் கருவி, விளக்கெரியும் பொம்மை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றிலும் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் திருப்புளியைக் கையில் எடுங்கள்!