கடற்பசுவின் மூச்சுக் கணக்கு

தூத்துக்குடியில் முத்துக் குளித்த நாட்களிலிருந்து நமக்குப் பழகிய சொல் ஒன்று உண்டு: மூச்சடக்குதல். இடுப்பில் கயிறும் காலடியில் கல்லுமாக இறங்கியவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, ஒன்று ஒன்றரை நிமிடம் அடியில் சிப்பி பொறுக்கிவிட்டு மேலே வந்தார். அதே காட்சியைத்தான் திமிங்கிலத்துக்கும் கடற்பசுவுக்கும் பெரிதாக்கிப் பொருத்திக்கொள்கிறோம். உடம்பு பெரிது, நுரையீரல் பெரிது, அதில் அடங்கும் காற்றும் அதிகம், அதனால் நெடுநேரம் நீருக்குள் இருக்கிறது என்று. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கடல் பாலூட்டிகள் அடக்குவது காற்றை விடவும் செலவைத்தான் என்பதை எண்பது ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த வேறுபாடு பாடப்புத்தகத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. பாக் விரிகுடாவில் வலையில் மாட்டிய ஒரு கடற்பசு எத்தனை நிமிடம் தாங்கும் என்று நாம் போடும் கணக்கு அதில்தான் தவறுகிறது.

பெங்களூரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்குக் கடல் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஆனாலும் அழுத்தம் என்பதைப் புரிந்துகொள்ள அவருடைய ஊர் நல்ல அளவுகோல். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு மேலே வந்ததற்குக் காற்றழுத்தம் குறைந்திருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். கடலுக்குள்ளோ 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். 100 மீட்டரில் பதினொரு மடங்கு. நெஞ்சில் 6 லிட்டர் காற்றை அடைத்துக்கொண்டு போனால் அந்த ஆழத்தில் அது அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டுகிற அளவுக்கு நசுங்கிவிடும். நசுங்கிய காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரையும். அவசரமாக மேலே வந்தால், திறந்த சோடா பாட்டில் போலக் குமிழ் கட்டும். ஆகவே ஆழத்துக்குப் போகிற விலங்குக்கு நுரையீரல் நிறையக் காற்று என்பது சொத்தை விடச் சுமையாகவே இருக்கும். அன்டார்ட்டிகாவின் வெட்டெல் கடல்நாய் மூழ்குவதற்கு முன் மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் தலையைக் கவிழ்க்கிறது. ஆழம் செல்லும் திமிங்கிலங்களின் நுரையீரல், உடல் எடையோடு ஒப்பிட்டால், நம்முடையதை விடச் சிறியது. கீழே போகப் போக அவற்றின் நுரையீரல் சிற்றறைகள் மடங்கிக்கொள்கின்றன. எஞ்சிய காற்று குருத்தெலும்பு தாங்கிய குழாய்களுக்குள் ஒதுங்கி, இரத்தத்தைத் தொடாமல் கிடக்கிறது.

அப்படியானால் பிராணவாயு எங்கே இருக்கிறது? இரத்தத்திலும் தசையிலும். மனித உடலின் பிராணவாயு இருப்பில் நான்கில் ஒரு பங்கு அளவு நுரையீரலில் இருக்கும். வெட்டெல் கடல்நாயிடம் அது இருபதில் ஒரு பங்குதான். மீதியை இரத்தத்தின் ஹீமோகுளோபினும் தசையின் மயோகுளோபினும் பிடித்து வைத்திருக்கின்றன. திமிங்கில இறைச்சி கறுப்போ என்று சொல்லும்படி கருஞ்சிவப்பாக இருப்பது இந்த மயோகுளோபினால்தான். எண்ணெய்த் திமிங்கிலத்தின் தசையில் அது அவ்வளவு மிகுதியாகக் கிடைத்ததால்தான் ஜான் கெண்ட்ரூ அதைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1958-ல் முதன்முதலாக முப்பரிமாண அமைப்பு தெரியவந்த புரதம் என்ற பெருமை அதற்குப் போயிற்று, 1962-ல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. புரதத்தை இவ்வளவு நெருக்கமாக அடைத்தால் கட்டி தட்டிப்போகாதா என்று கேட்கலாம். மூழ்கும் விலங்குகளின் மயோகுளோபின் மூலக்கூறுகளின் மேற்பரப்பில் மின்னூட்டம் கூடுதல் என்றும், ஒன்றை ஒன்று தள்ளுவதால் ஒட்டிக்கொள்வதில்லை என்றும் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் விளக்கினார்கள்.

சரி, தொட்டி நெஞ்சிலிருந்து இரத்தத்துக்கும் தசைக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதானே, பெரிய தொட்டி என்றால் நீண்ட நேரம் என்ற பழைய கணக்கு அப்படியே நிற்கிறதே என்று ஒருவர் மறுக்கலாம். எண்களை வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மனிதரிடம் சுமார் 20 மில்லிலிட்டர் பிராணவாயு இருக்கிறது. வெட்டெல் கடல்நாயிடம் 80-க்குச் சற்று மேல். நான்கு மடங்கு. ஆனால் முத்துக்குளிப்பவரின் ஒன்றரை நிமிடத்துக்கு எதிரே அந்தக் கடல்நாய் ஒரு மணி நேரத்தையும் தாண்டுகிறது. நான்கு மடங்கு கையிருப்பு நாற்பது மடங்கு நேரத்தைத் தராது. உடல் பெரிதாகப் பெரிதாகக் கிலோவுக்கு ஆகும் செலவு குறைவது ஒரு காரணம். ஆனால் அதுவும் போதாது. மனிதரையே எடுத்துக்கொள்வோம். பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சுத் 2009-ல் நீரில் அசையாமல் கிடந்து 11 நிமிடம் 35 விநாடி மூச்சடக்கினார். அதே நுரையீரலோடு அவர் கைகால் அடித்து நீந்தியிருந்தால் அந்த நேரத்தின் பாதிகூடத் தாக்குப்பிடித்திருக்க முடியாது. கையிருப்பு ஒன்றே, செலவழிக்கும் விதம்தான் வேறு.

கடல் பாலூட்டியின் உடம்பு இந்தச் செலவை எப்படிக் குறைக்கிறது? இதயத்தை மெதுவாக்கி, தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் தடையில்லாமல் இரத்தம் போகும்படி செய்கிறது. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் ஒரு நீலத் திமிங்கிலத்தின் மேல் ஒட்டிய கருவி, ஆழத்தில் அதன் இதயம் நிமிடத்துக்கு இரண்டே முறை வரை இறங்கித் துடித்ததையும், மேலே வந்து மூச்சு வாங்கும்போது முப்பதைத் தாண்டியதையும் பதிவு செய்தது. 2019-ல் அது வெளியாயிற்று. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் நார்வேக்காரரான பெர் ஷோலாண்டர். 1940-ல் வெளியான அவருடைய சோதனைகளில் கடல்நாய்கள் பலகையில் கட்டப்பட்டு நீரில் அமிழ்த்தப்பட்டன. இதயத் துடிப்பு சரேலென்று சரிந்தது. மூழ்கும் விலங்கின் இயல்பே இதுதான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பிறகு ஜெரால்டு கூய்மன் அன்டார்ட்டிகாவில், பனித்தரையில் துளைபோட்டு, தன் விருப்பப்படி மூழ்கும் கடல்நாய்களை அளந்தார். கதை மாறியது. சுமார் இருபது நிமிடத்துக்குள் முடியும் சாதாரண மூழ்கல்களில் இதயம் அவ்வளவு கடுமையாக இறங்கவில்லை, இரத்தத்தில் லாக்டிக் அமிலமும் சேரவில்லை. அந்த எல்லையைத் தாண்டியவை மட்டும் மேலே வந்தபின் நெடுநேரம் கிடந்து கடனை அடைத்தன. ஷோலாண்டர் கண்டது பொய்யில்லை. அவர் கண்டது கட்டிப்போட்ட விலங்கின் நெருக்கடி. கூய்மன் கண்டது அதன் அன்றாடம். வலைக்குள் இருக்கும் விலங்கு இந்த இரண்டில் எதற்குப் பக்கம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

அச்சம் இந்தச் செலவுக் கட்டுப்பாட்டை என்ன செய்யும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். கிழக்கு கிரீன்லாந்தில் வலையில் சிக்கி விடுவிக்கப்பட்ட நார்வால் திமிங்கிலங்களுக்குக் கருவி பொருத்திய ஆய்வு 2017-ல் வெளிவந்தது. அவை வெருண்டு வாலை வேகமாக அடித்து ஓடின. அதே நேரத்தில் இதயமோ நிமிடத்துக்கு மூன்று நான்கு துடிப்புக்கு இறங்கியிருந்தது. தசை செலவு கேட்கிறது, இதயம் தர மறுக்கிறது. வண்டியில் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் ஒன்றாக மிதித்த நிலை அது. இன்னொன்று கேனரித் தீவுகளில் 2002 செப்டம்பரில் நடந்தது. கடற்படைப் பயிற்சியில் சோனார் ஒலித்த வேளையில் 14 அலகுத் திமிங்கிலங்கள் கரையொதுங்கின. இறந்தவற்றின் உறுப்புகளில் வாயுக் குமிழ்கள் இருந்தன. உலகிலேயே மிக நீண்ட மூழ்கலான 3 மணி 42 நிமிடத்தைப் பதிவு செய்த இனமும் இந்த அலகுத் திமிங்கிலக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குமிழ் எப்படி வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இருந்தாலும், அரண்டுபோய் மூழ்கும் ஒழுங்கு கலைந்ததே காரணம் என்ற விளக்கம் வலுவானது. உடம்பில் எவ்வளவு ஏற்பாடு இருந்தாலும், பதற்றம் இல்லாத வரைதான் அது கைகொடுக்கும்.

இனி நம் கடலுக்கு வருவோம். கடற்பசுவைக் கரையோரத்தார் ஆவுளியா என்பார்கள். அது யானைக்குத்தான் உறவு, திமிங்கிலத்துக்கு இல்லை. கடற்புல் மேய்வது அதன் தொழில். புல் வளர வெளிச்சம் வேண்டும் என்பதால் அது ஆழம் போகத் தேவையும் இல்லை. முதுகை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் நுரையீரலும் கனத்த எலும்பும் அது தரையோடு நிதானமாக நகர்ந்து மேய உதவுகின்றன. ஆழ்கடல் விலங்குகளிடம் உள்ள மயோகுளோபின் களஞ்சியம் இந்தக் குடும்பத்துக்கு இல்லை. இதன் உறவினமான மனாட்டியின் தசையில் அது தரை விலங்குகளின் அளவில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கருவி பொருத்தி அளந்த கடற்பசுக்கள் சராசரியாக மூன்று நிமிடத்துக்கும் குறைவாகவே மூழ்கின. பதிவான மிக நீண்ட மூழ்கல் சுமார் 12 நிமிடம். செய்திகளில் கடற்பசு பத்துப் பன்னிரண்டு நிமிடம் நீருக்குள் இருக்கும் என்று எழுதுகிறோமே, அது அமைதியாக இருந்த விலங்கின் உச்ச அளவு. வலையில் மாட்டி, முழு பலத்தோடு உதறி, சுருண்டு, மேலும் சிக்கிக்கொள்ளும் விலங்கு அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை எங்கிருந்து எடுக்கும்? கன்றுக்கு இன்னும் குறைவு. சிறிய உடம்பில் கையிருப்பும் சிறிது, கிலோவுக்குச் செலவும் கூடுதல்.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் சுமார் 240 கடற்பசுக்களே இருப்பதாக அப்போது சொல்லப்பட்டது. வலையை அறுத்து உயிரோடு விடும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தருகிறது. பல ஆயிரம் ரூபாய் பெறும் வலையை அறுப்பவருக்கு அது நியாயமானதும்கூட. இதை வைத்து ஒரு வாதம் எழுகிறது: மீனவர்கள் இத்தனை கடற்பசுக்களை உயிரோடு விட்டிருக்கிறார்களே, அப்படியானால் வலைக்குள் அது தாக்குப்பிடிக்கத்தானே செய்கிறது? இங்கேதான் எந்த வலை என்று கேட்க வேண்டும். கரைவலையில் ஆட்கள் நின்று இழுக்கிறார்கள், ஆழம் குறைவு, வலையோடு சேர்ந்தே விலங்கு மூக்கை நீருக்கு மேல் நீட்ட முடியும். உயிரோடு கையில் கிடைப்பது அப்படிப்பட்டது. அடியில் பாய்ச்சும் திருக்கை வலையும் செவுள்வலையும் மணிக்கணக்கில், பல நேரம் இரவு முழுக்க, ஆளில்லாமல் நிற்கும். அதில் மாட்டியது உயிரோடு இருந்து விடுவிக்கப்படுவது அரிது. மிஞ்சியதை மட்டும் எண்ணித் தாங்கும் திறனை அளந்தால், கணக்கு எப்போதும் நம்பிக்கையாகத்தான் தெரியும்.

இரவெல்லாம் வலையருகே காத்திருங்கள் என்று மீனவரிடம் சொல்வது எளிது. டீசலும் தூக்கமும் யாருடையவை? இந்த எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வலையைப் பார்க்க யாராலும் முடியாது. அதனாலேயே, மாட்டிய பிறகு விடுவிப்பதை விட, புல் வளர்ந்த இடத்தில் எந்த வலை, எந்த மாதத்தில், எத்தனை மணி நேரம் நிற்கலாம் என்பதை மீனவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவுசெய்வதுதான் பலன் தரும் என்பது என் கருத்து. அப்படி ஒதுங்கும் மீன்பிடி நேரத்துக்கு ஈடு கொடுப்பதில், இப்போது விடுவித்தலுக்குத் தரும் தொகையைப் போலவே அரசு கணக்குப் பார்க்காமல் இருக்க வேண்டும். கடற்பசு மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு கன்று ஈனும்; அந்தக் கன்று தாயின் வயிற்றில் இருப்பது பதின்மூன்று மாதத்துக்கும் மேல்.