பனிமலைக்குப் புறப்படுகிறானா உங்கள் பிள்ளை?

ஓசூரில் தொழிற்சாலை வேலையிலிருக்கும் மகன், "அம்மா, சிநேகிதர்களோடு குல்மார்க் போய்ப் பனியில் சறுக்கப் போகிறேன்" என்கிறானா? உடனே கம்பளிச் சட்டை பின்ன உட்கார்ந்துவிடாதீர்கள்! முதலில் சில கேள்விகள் கேளுங்கள்.

ஓசூர் இருப்பது சுமார் 3,000 அடி உயரத்தில். குல்மார்க்கிலிருந்து தொங்கு வண்டி ஏறினால் அபர்வத் மலையில் சுமார் 13,000 அடி! கிருஷ்ணகிரிக் கோட்டைமலையில் நாலு வாரம் ஏறி இறங்கிக் கால்களைப் பழக்கினானா?

காவலுள்ள தடத்தில் சறுக்கப் பழகுவது வேறு; ஆளில்லாச் சரிவில் இறங்குவது வேறு. அங்கே புதுப்பனி பழைய பனியோடு சரியாக ஒட்டாமல் கிடக்கும். ஓர் ஆளின் பாரம் பட்டாலே சரிவு முழுவதும் பெயர்ந்துவிடலாம். குல்மார்க் பனிச்சரிவுகளில் 2023 பிப்ரவரியில் இரண்டு போலந்துக்காரர்களும், 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யரும் மாண்டார்கள்.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். கீழேயிருந்து உதவி வருவதற்குள் அந்த நேரம் போய்விடுமே! பக்கத்திலிருக்கும் சிநேகிதன்தான் தோண்டி எடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொருவரிடமும் சமிக்ஞை அனுப்பும் சிறு ரேடியோ, பனியைக் குத்திப் பார்க்க நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் உண்டா? உபயோகிக்கத் தெரியுமா? உள்ளூர் வழிகாட்டி கூட வருகிறாரா?

மத்திய ஆசிய மேய்ப்பர்களின் 'யர்ட்' என்னும் வட்டக் கம்பளிக் கூடாரத்தில், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை பேச எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசையிராது? போகட்டும், ஆனால் முதல் தடவை காவலுள்ள தடத்தோடு நிற்கட்டும்.

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னானா? இனித் தாராளமாகக் கம்பளி பின்னுங்கள்!